ஒரு அடிக் கம்பி

மச்சுவாடியில் நான் தினமும் டீ குடிக்கும் கடையில், ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லாவில் உட்காருவது கடைக்காரரின் மகள். பிளஸ் டூ படிக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அவளுடைய பெரியப்பா ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஏழு மணிக்கெல்லாம் அவரும் பேப்பரோடு அதே பெஞ்சுக்கு வந்துவிடுவார்.

போன ஞாயிறு கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அவள் கேட்டாள்: "சார், பட்டாளத்துக்குப் போகணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. கம்ப்யூட்டரையும் விட மனசு இல்ல. கடைசியில டீச்சரா ஆகணும்னும் இருக்கு. பட்டாளத்துக்குப் போனா படிச்சதெல்லாம் வீணாயிரும்னு சொல்றாங்களே, நிசமா?"

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கும், பிறகு கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுத்த எனக்கு இதைவிட நல்ல கேள்வி வாய்க்காது. அவசரமாகப் பதில் சொல்லிவிடக் கூடாது என்று இன்னொரு டீ சொன்னேன்.

"ஆயி, பட்டாளத்து அதிகாரி இன்ஜினியராவும் இருக்கிறது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் வயலுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

"புது ஆத்துலேர்ந்து."

ஆமாம். கல்லணைக் கால்வாயைத்தான் நம் மக்கள் புது ஆறு என்கிறார்கள். 1934இல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தோடு சேர்ந்து வந்தது அது. அந்தத் திட்டத்தை வகுத்துக் கொடுத்தவர் கர்னல் எல்லிஸ் என்ற ராணுவப் பொறியாளர். மேட்டூர் அணையில் உபரி நீர் வெளியேறும் பதினாறு கண் மதகு இருக்கும் இடம் இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. இன்னும் பின்னால் போனால், 1802இல் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து ஏழரை மைல் நேர்கோட்டை அளந்து, இந்தியாவையே முக்கோணங்களாக அளக்கும் வேலையைத் தொடங்கிய லாம்ப்டனும் ராணுவ அதிகாரிதான். அந்த நில அளவைத் துறையில் கணக்குப் போட்ட ஆட்களுக்குப் பதவிப் பெயரே கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றால் அன்றைக்கு மனிதர். மேசையில் உட்கார்ந்து மடக்கைப் பட்டியலைப் புரட்டிக் கணக்குப் போடுகிறவர்.

"இன்ஜினியர் சரி சார். டீச்சர்?"

அதற்குத்தான் கிரேஸ் ஹாப்பரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நிரல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர் முதலில் ஒரு கணக்கு டீச்சர் என்பது பலருக்குத் தெரியாது.

1906இல் நியூயார்க்கில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே வாஸர் என்ற பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். அங்கே அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். நிகழ்தகவு வகுப்பில் ஒரு சூத்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்வார். பிள்ளைகள் எழுதிவந்தால் கணக்கைத் திருத்துவதோடு விடாமல் வாக்கியத்தையும் சிவப்பு மையில் திருத்துவார். இது கணக்கு வகுப்பா, மொழி வகுப்பா என்று பிள்ளைகள் முறையிட்டார்களாம். அடுத்தவருக்குப் புரியும்படி எழுதத் தெரியாவிட்டால் கணக்கைக் கற்றுப் பயனில்லை என்பது அவர் எண்ணம். அவருடைய மீதி வாழ்க்கை முழுவதும் அந்த எண்ணத்தின் வழியில்தான் நடந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படையில் சேரப் போனார். வயது அதிகம், 37. எடையோ குறைவு. போதாக்குறைக்குக் கணிதப் பேராசிரியர்கள் இருக்கும் இடத்திலேயே நாட்டுக்குத் தேவை என்ற விதியும் இருந்தது. எல்லாவற்றுக்கும் விலக்கு வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம். 1944இல் லெப்டினன்ட் பதவியோடு அவரை அனுப்பிய இடம் கப்பல் இல்லை, ஹார்வர்டு பல்கலைக்கழகம். அங்கேதான் மார்க் 1 நின்றுகொண்டிருந்தது.

"அது எப்படி இருந்துச்சுன்னா, நம்ம கடை வாசல்லேர்ந்து அந்த மெடிக்கல் ஷாப் வரைக்கும் நீளம். 51 அடி. உயரம் எட்டு அடி. ஐந்து டன் எடை. பல்சக்கரமும் ரிலேவும் மோட்டாருமா லொடலொடன்னு சத்தம். ஒரு செகண்டுக்கு எத்தனை கூட்டல் போடும், சொல்லு?"

"ஒரு லட்சம்?"

"மூணு."

அவள் சிரித்துவிட்டாள். ஒரு பெருக்கலுக்கு ஆறு செகண்டு, ஒரு வகுத்தலுக்குப் பதினைந்து. ஆனால் 23 இலக்க எண்களை இரவும் பகலும் சலிக்காமல் கணக்குப் போடும். மனிதக் கம்ப்யூட்டர்கள் மாதக்கணக்கில் போட வேண்டியதை அது நாள்கணக்கில் போட்டது. என்ன செய்ய வேண்டும் என்பதைக் காகித நாடாவில் ஓட்டைகளாகக் குத்திக் கொடுக்க வேண்டும். ஹாப்பர் போய் நின்ற முதல் நாளே அவருடைய மேலதிகாரி ஹோவர்ட் ஐக்கன் ஒரு கணக்கைக் கையில் கொடுத்து இந்த வாரத்துக்குள் வேண்டும் என்றாராம். அந்த இயந்திரத்தை ஹாப்பர் அதற்கு முன் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

பிறகு ஒரு நாள் ஐக்கன் அவரைக் கூப்பிட்டு, இந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுது என்றார். எனக்குப் புத்தகம் எழுதத் தெரியாதே என்றார் ஹாப்பர். நீ இப்போது கடற்படையில் இருக்கிறாய் என்பதுதான் வந்த பதில். உத்தரவு என்றால் உத்தரவு. 1946இல் வெளிவந்த அந்தக் கையேடு 561 பக்கம். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, அதற்கு எப்படிக் கட்டளை எழுதுவது, எழுதிய கட்டளைகளுக்கு மாதிரி என்று எல்லாம் அதில் இருந்தது. நிரல் எழுதக் கற்றுக்கொடுத்த முதல் புத்தகங்களில் ஒன்று, ஒரு படை அதிகாரிக்கு வந்த உத்தரவில் பிறந்தது.

இந்த இடத்தில் பெரியப்பா பேப்பரை மடித்தார். "அது வேற ஒண்ணுமில்ல சார். ஹேண்டிங் டேக்கிங்."

அவர் சொன்னதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. படையில் யாரும் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றல் வந்துவிடும். வருகிறவனிடம் பொருளை மட்டும் ஒப்படைத்தால் போதாது. எது எப்படி ஓடுகிறது, எங்கே மக்கர் பண்ணும், பண்ணினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒப்படைக்க வேண்டும். தலைக்குள் மட்டும் வைத்திருந்தால், அந்தத் தலை மாற்றலாகிப் போன மறுநாள் வயர்லெஸ் செட் ஊமையாகிவிடும். ஆகவே எழுதி வைக்க வேண்டும், சொல்லிக்கொடுக்க வேண்டும், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். "எங்க செட்டுல மெசேஜ் குடுத்தா அடுத்த பக்கத்துக்காரன் ஒவ்வொரு எழுத்தா ரீட் பேக் பண்ணணும். அவன் திருப்பிச் சொன்னது சரின்னா மட்டும்தான் நான் சரிம்பேன்" என்றார். வலைப்பின்னலில் ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் தகவல் அனுப்பினால், வந்து சேர்ந்தது என்று பதில் வரும்வரை காத்திருப்பதும், தகவல் கெட்டுப்போகாமல் வந்ததா என்று சரிபார்ப்பதும் இதே வழக்கம்தான். அவர் காதால் செய்ததை இப்போது கம்பிகள் செய்கின்றன.

ஆகவே படை அதிகாரி ஆசிரியர் ஆவது வேலையை விட்டு வேறு வேலைக்குப் போவது இல்லை. படையில் பொறியியல் வேலையின் சரிபாதியே சொல்லிக்கொடுப்பதுதான். ஆள் மாறினாலும் வேலை நிற்கக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு உடம்பில் ஊறிப்போயிருக்கும். ஹாப்பர் செய்த மிகப் பெரிய காரியமும் அந்தக் கவலையில் விளைந்தது.

அதைச் சொல்ல டீ மாஸ்டரைக் காட்டினேன்.

"நீ இங்கேர்ந்து 'நாலு டீ, ஒண்ணு சக்கரை கம்மி, ஒண்ணு ஸ்ட்ராங்'னு ஒரு குரல் குடுக்கிறே. மாஸ்டர் என்ன செய்றார், பாரு."

நாலு கிளாஸைச் சுடுதண்ணீரில் அலசினார். மூன்றில் ஒரு கரண்டி, ஒன்றில் அரைக் கரண்டி சர்க்கரை போட்டார். பாலை ஊற்றினார். டிகாஷன் பையைத் தூக்கி ஒன்றில் கூடுதலாக விட்டார். ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஆற்றி நுரை கட்டி வைத்தார். கல்லாவிலிருந்து போனது ஒரு வரி. நடந்தது முப்பது நாற்பது செயல். அந்த ஒரு வரியை இத்தனை செயலாகப் பிரிக்கும் அறிவு மாஸ்டரிடம் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கணினியிடம் மாஸ்டர் கிடையாது. கிளாஸை எடு, அதை ஆறாம் எண் இடத்தில் வை, சர்க்கரை மூன்றாம் எண் இடத்தில் இருக்கிறது, அதில் ஒன்று எடு என்று ஒவ்வொன்றையும் எண்ணாகவே சொல்ல வேண்டும். சைன் கணக்கு, வர்க்கமூலம் மாதிரி அடிக்கடி தேவைப்படும் துண்டுகளை ஹாப்பரின் குழுவினர் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். ஒருவருக்குத் தேவைப்பட்டால் இன்னொருவர் நோட்டைப் பார்த்துக் கையால் நகல் எடுப்பார். அங்கேதான் வினை வரும். காலியிடத்தைக் குறிக்கப் போட்ட முக்கோணம் நகலில் 4 ஆகிவிடும். பி என்ற ஆங்கில எழுத்து 13 ஆகிவிடும். மனிதர்களுக்குப் பிசகில்லாமல் நகல் எடுக்க வராது, இயந்திரத்துக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும் என்பதை அவர் கவனித்தார்.

போர் முடிந்து, 1949இல் யுனிவாக் என்ற கணினியைக் கட்டிய நிறுவனத்துக்கு வேலைக்கு வந்தார். கடற்படையின் ரிசர்வ் பிரிவில் பெயர் இருந்துகொண்டே இருந்தது. 1952இல் அந்தத் துண்டுகளுக்கெல்லாம் எண் கொடுத்து ஒரு காந்த நாடாவில் பதிந்து வைத்தார். எந்தெந்தத் துண்டு வேண்டும் என்று எண்களை மட்டும் நாம் கொடுத்தால் போதும். இயந்திரமே அவற்றைத் தேடி எடுத்து, இடம் மாற்றிக் கோத்து, முழு நிரலாக்கித் தந்துவிடும். ஏ-0 என்று அதற்குப் பெயர். கம்பைலர் என்ற சொல்லை இதற்காக அவர் எடுத்துக்கொண்டார். ஓடுகிற கம்பைலரைக் கையில் வைத்திருந்தும் தொட ஆளில்லை. கணினி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்றே அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

"இன்னிக்கு நீ பைத்தான்ல ஒரு வரி எழுதுறியே, அது இயந்திரத்துக்குப் புரியுதுன்னா நடுவுல ஒரு மாஸ்டர் இருக்கிறதாலதான். அந்த மாஸ்டரை முதல்ல கடைக்குக் கூட்டிட்டு வந்தவங்கள்ல இந்த அம்மா ஒருத்தர்."

அடுத்து அவர் எண்ணை விட்டு எழுத்துக்குப் போனார். கணக்குத் தெரிந்தவர்கள் குறியீட்டில் எழுதட்டும். சம்பளப் பட்டியலும் சரக்கு இருப்பும் பார்க்கிற அலுவலகத்தார் தங்கள் பேச்சுச் சொற்களிலேயே எழுதட்டுமே என்றார். ஃப்ளோமேட்டிக் என்ற மொழி அப்படி ஆங்கிலச் சொற்களால் ஆனது. இயந்திரத்துக்கு எந்தச் சொல்லும் வெறும் அடையாளம்தான் என்பதைக் காட்ட அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் எழுதி ஓட்டிக் காட்டினார். மேலாளர்கள் மிரண்டு போனார்கள். அமெரிக்கக் கணினிக்கு எப்படிப் பிரெஞ்சு தெரியும் என்பது அவர்கள் திகைப்பு. தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத எழில் என்ற மொழியை நம் ஆட்கள் பின்னாளில் உருவாக்கினார்களே, அது நடக்கும் என்பதற்கான ருசு அன்றைக்கே அந்த அறையில் இருந்தது.

1959இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு கூட்டம் கூட்டியது. அவர்களிடம் பல கம்பெனிகளின் கணினிகள். ஒன்றுக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது. கணினியை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். இதுவும் பெரியப்பா சொன்ன சிக்கல்தான், ஆளுக்குப் பதில் இயந்திரம் மாற்றலாகிறது, அவ்வளவுதான். இதைத் தீர்க்கும் முயற்சியில் பிறந்த பொதுமொழி கோபோல். அதைத் தனியாக ஹாப்பர் எழுதவில்லை, ஒரு குழு எழுதியது. ஆனால் அதன் அடித்தளம் பெருமளவு ஃப்ளோமேட்டிக். 1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரலை இரண்டு வெவ்வேறு கம்பெனிக் கணினிகளில் ஓட்டிக் காட்டினார்கள். வங்கிகளின் உள்ளறைகளில் கோபோல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

1966 கடைசியில் வயதைக் காரணம் காட்டிக் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. வாழ்க்கையில் மிகவும் வருந்திய நாள் அதுவே என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஏழெட்டு மாதத்தில், ஆறு மாத வேலைக்கு மட்டும் வாருங்கள் என்று திரும்ப அழைத்தார்கள். ஆளாளுக்கு ஒரு கோபோல் வைத்துக்கொண்டு கடற்படையில் குழப்பமாகியிருந்தது. நம் சந்தையில் எடைக்கல்லுக்கு முத்திரை போடுவார்களே, அப்படி ஒவ்வொரு கம்பெனியின் கம்பைலரையும் சோதித்துப் பார்க்கச் சோதனை நிரல்களை அவருடைய குழு எழுதியது. அந்த ஆறு மாதம் 19 வருஷமாக நீண்டது. 1986 ஆகஸ்டில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79.

"அப்ப டீச்சர் வேலை?" என்று அவள் விடாமல் கேட்டாள்.

"விட்டதே இல்ல ஆயி. உன் பையில ஸ்கேல் இருக்கா?"

இருந்தது. கடைக்குப் பின்னால் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு துண்டு கட்டுக்கம்பி வாங்கிவந்தாள். ஸ்கேலை வைத்து முப்பது சென்டிமீட்டர் அளந்து குறட்டால் வெட்டச் சொன்னேன். கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதுக்குப் பேர் ஒரு நானோசெகண்ட்."

நானோசெகண்ட் என்றால் ஒரு செகண்டை நூறு கோடிப் பங்கு போட்டதில் ஒரு பங்கு. பிள்ளைகள் அதை ஒன்றின் கீழ் ஒன்பது சைபர் என்று மனப்பாடம் செய்வார்கள், மனசில் உருவம் விழாது. ஹாப்பருக்கும் அந்தச் சிக்கல் இருந்தது. ஒரு நானோசெகண்டை வெட்டி எடுத்துவாருங்கள் என்று பொறியாளர்களிடம் கேட்டாராம். ஒளி ஒரு செகண்டில் மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் முப்பது சென்டிமீட்டர்தான் போகும். அந்த நீளத்துக்குக் கம்பி வெட்டிக் கொடுத்தார்கள். போகிற இடமெல்லாம் கட்டுக்கட்டாக எடுத்துப்போய் மாணவர்களுக்கும் அட்மிரல்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். மைக்ரோசெகண்டைக் காட்ட முந்நூறு மீட்டர் கம்பிச் சுருளையே தூக்கி வருவார்.

வாசலில் பூ விற்கும் அக்காவிடம் ஒரு முழம் கதம்பம் அளந்துகொண்டிருந்தார்கள். "அந்த ஒரு முழத்தைத் தாண்ட ஒளிக்கு ஒன்றரை நானோசெகண்ட் ஆகும்" என்றேன். அவள் பூவையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்போதைய செயலிகள் ஒரு நானோசெகண்டுக்கு மூன்று முறை துடிக்கின்றன. ஒரு துடிப்புக்குள் ஒளியே பத்து சென்டிமீட்டர்தான் நகர முடியும், கம்பியில் ஓடும் மின்குறி அதைவிடக் குறைவு. சில்லை ஏன் இவ்வளவு சின்னதாகச் செய்கிறார்கள், நினைவகத்தை ஏன் செயலிக்குப் பக்கத்திலேயே ஒட்ட வைக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் அந்தக் கம்பித் துண்டே பதில்.

இத்தனை செய்தவர், கம்பைலருக்கு அடுத்தபடி தன் முக்கியமான வேலை இளைஞர்களைப் பயிற்றுவித்ததுதான் என்று சொல்வார். ஓய்வுக்குப் பிறகும் ஒரு கணினி நிறுவனத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1992 ஜனவரி 1 அன்று காலமானார். அவர் பெயரில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது.

கடைக்காரர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அது அமெரிக்கா அண்ணே. இங்க எப்படி?"

அவர் கேட்டது நியாயம். நம் ராணுவத்துக்குச் சொந்தமாக மூன்று பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. புனேயில் ராணுவப் பொறியியல் கல்லூரி, செகந்திராபாத்தில் மின்னணு, இயந்திரப் பொறியியலுக்கு ஒன்று, மத்தியப் பிரதேசத்து மௌ ஊரில் தகவல் தொடர்புப் பொறியியலுக்கு ஒன்று. இங்கே பி.டெக். படிக்கிற இளம் அதிகாரிகளுக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கிறது. பாடம் நடத்துகிறவர்களில் பலர் சீருடையில் இருக்கும் அதிகாரிகள். படைப்பிரிவில் சில வருஷம், ஐஐடி போன்ற இடத்துக்குப் படைச் செலவிலேயே எம்.டெக். படிக்கப் போய்வருவது, பிறகு இந்தக் கல்லூரிகளில் ஆசிரியராக ஒரு தவணை, மறுபடி படைப்பிரிவு என்று பணி சுழலும். பனிமலையில் கருவி உறைந்து நின்றதைப் பார்த்த ஆள், ஆறு மாதம் கழித்து வகுப்பில் அதே கருவியைப் பற்றிப் பாடம் எடுப்பார். அந்தப் பாடத்தின் ருசியே வேறு.

பிளஸ் டூ முடித்ததும் நேரே இந்தக் கல்லூரிகளுக்குப் போகும் நுழைவுக்கு இயற்பியல், வேதியியல், கணக்கில் மதிப்பெண்ணும் ஜேஇஇ மெயின் தேர்வும் வேண்டும். ஆனால் அது ஆண்களுக்கான வழி என்பதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். முகம் வாடியது. "இன்னும் ரெண்டு கதவு இருக்கு" என்றேன்.

ஒன்று, கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமி. உச்ச நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பிறகு 2022இல் முதன்முதலாகப் பெண்கள் உள்ளே போனார்கள். 2025 மே மாதம் 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அங்கே கொடுக்கிற பட்டங்களில் கணினி அறிவியலும் உண்டு. இன்னொன்று, வெளியே கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.இ. முடித்துவிட்டு, தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கான குறுகிய காலப் பணிக்கு விண்ணப்பிப்பது. இதில் பெண்களுக்கும் இடம் உண்டு. ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை தாண்டினால் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி. அப்படி ஓர் அகாடமி சென்னை பரங்கிமலையில் இருக்கிறது. லாம்ப்டன் சங்கிலி பிடித்த அதே பக்கம். விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன்.

அவள் இன்னும் கம்பியையே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரியப்பாவிடம் போய் நின்றாள்.

"பெரியப்பா, சேட்டிலைட் போன்ல பேசினா பதில் வர லேட்டாகும்னு சொல்வீங்கல்ல?"

"ஆமா. பேசிட்டு ஒரு நொடி பொறுக்கணும். இல்லேன்னா ரெண்டு பேர் பேச்சும் முட்டிக்கும்."

"ஏன்னு தெரியுமா?" கம்பியை அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினாள். "இது ஒரு நானோசெகண்ட். அந்தச் சேட்டிலைட் 36,000 கிலோமீட்டர் உசரத்துல இருந்தா, நீங்க பேசினது மேல போய்க் கீழ இறங்க 72,000 கிலோமீட்டர். இந்த மாதிரி கம்பியை ஒண்ணோட ஒண்ணு வச்சுக்கிட்டே போனா அத்தனை தூரத்துக்கு இருபத்து நாலு கோடி கம்பி. கால் செகண்டு ஆகுது. அவங்க பதில் உங்களுக்கு வர இன்னொரு கால் செகண்டு."

கணக்கை அவளே மனசுக்குள் போட்டிருந்தாள். நான் கைவிரலில் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

பெரியப்பா கம்பியை வாங்கி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினார். "மேல கால், கீழ கால்ங்கிறது இல்ல. போய் இறங்க மொத்தமே கால் செகண்டு. அவன் பதில் போய் இறங்க இன்னொரு கால். ஆக அரை செகண்டு. சரியா?"

"சரி பெரியப்பா" என்றாள்.

உள்ளேயிருந்து மூன்று டீக்குக் காசு வந்தது. சில்லறை எண்ணிக் கொடுக்கக் கல்லாவுக்குப் போனாள்.